கண்ணாடி உடைந்தால் சொல்கிறேன்

காலை எட்டரை மணிக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஸ்ரீபெரும்புதூர் கண்ணாடிக் கடை யாசின் பாய் போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்கிற ஆள் இல்லை. "மணி சார், நம்ம தேவசகாயம் சார் பூட்டாரு. காபி குடிச்சிக்கினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார். நான் ஏதோ கேட்டேன், என்ன கேட்டேன் என்று இப்போது நினைவில்லை. பாய், "நேத்துதான் இருபது துண்டு வெட்டி வெக்கச் சொன்னாரு. பேப்பர்ல சுத்தி ரெடியா கீது. அத இனிமே யார்கிட்ட குடுக்கறது சார்?" என்று கேட்டார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவர் ஊரான வடக்குப்பட்டுக்குப் புறப்பட்டேன்.

தேவசகாயத்தை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரை மனதாரத் திட்டியவர்களும் அதில் அடக்கம். அவர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியர். நான் வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பவன். பிளானில் இருப்பதைத்தான் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க அவர் வருவார். முறையாகப் பார்த்தால் நாங்கள் முறைத்துக்கொண்டு திரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரே வயது, ஒரே சைட்டு, ஒரே வெயில். முதல் வருடத்திலேயே 'சார்' போய் 'யோவ்' வந்துவிட்டது.

அவருடைய கண்ணாடித் துண்டுகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. சுவரில் விரிசல் என்று யாராவது சொன்னால், பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை வைப்பார். இரண்டு முனையையும் வெள்ளை சிமெண்டால் ஒட்டிவிடுவார். விரிசல் பழையதாக இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். கட்டடம் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் கண்ணாடி உடையும். அவ்வளவுதான் விஷயம். ஒட்டிய தேதியைக் கண்ணாடியின் மேலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதுவார். ஏழு எழுதும்போது நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுவது அவர் பழக்கம். ஒன்றும் ஏழும் குழம்பக் கூடாதாம். அந்தக் கோட்டை வைத்து நான் அவரைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை.

இருங்காட்டுக்கோட்டையில் ஒருவர் வரிசையாக ரூம் கட்டி, கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பின்பக்கச் சுவரில் விரிசல். தேவசகாயம் கண்ணாடி ஒட்டிவிட்டுப் போனார், ஒன்பதாம் நாள் உடைந்திருந்தது. அன்று மத்தியானமே ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த ஆட்களை எழுப்பி, அவர்களுடைய டிரங்குப் பெட்டிகளை இவரும் சேர்ந்து தூக்கி வெளியே வைத்தார். வீட்டுக்காரர் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். அந்த மழைக்காலத்தில் சுவர் விழுந்தது. உள்ளே ஒரு கிழிந்த பாய் மட்டும் கிடந்தது. வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் நன்றி சொல்லவில்லை, இவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

"சுவத்துக்குப் பொய் சொல்லத் தெரியும்யா. பூச்சு பூசிட்டா நல்லா கீறேன்னு நிக்கும். கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று அன்று சொன்னார். பிறகும் பலமுறை சொல்லியிருக்கிறார். இதைப் படிக்கிற உங்களில் பலரிடமும் சொல்லியிருப்பார்.

கண்ணாடியைச் சிலர் திருஷ்டிக்கு ஒட்டியது என்று நினைத்துக்கொண்டார்கள். மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். தேவசகாயம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் அந்த வீட்டுப் பெண்களிடம் பொட்டுத் தாராளமாக வைக்கலாம், ஆணி மட்டும் அடிக்க வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்வார்.

அவருக்கு உண்மையில் கோபம் வந்தது மொட்டைமாடிக் கம்பிகளைப் பார்த்துத்தான். நம் பக்கத்தில் எந்த வீட்டு மாடிக்கு ஏறினாலும் தூண்களின் தலையில் நான்கு நான்கு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் ஒரு மாடி எடுக்கலாம் என்ற ஆசைக்காக விட்டுவைப்பது. பத்து மழையில் நனைந்து அவை துருவேறி நிற்கும். "நம்ம ஊர்ல வூடு முடியறதே இல்ல. புள்ளைக்கு ஒரு மாடி, பேரனுக்கு ஒரு மாடின்னு கம்பிய வுட்டு வெச்சிருக்கான். அடியில போட்டது எத்தினி மாடிக்குன்னு எவனுக்காவது ஞாபகம் கீதா?" என்பார்.

இனி நான் எழுத வேண்டியது எனக்குப் பிடிக்காத பகுதி.

பிள்ளைப்பாக்கத்தில் கோதண்டம் என்பவருக்குத் தரையும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு நான் பிளான் போட்டேன். ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலம், கீழே களிமண். அஸ்திவாரம் அந்த இரண்டு தளத்துக்குச் சரியாக இருந்தது. அதற்கு மேல் ஒரு செங்கல்லுக்கும் இடமில்லை. கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். கோதண்டத்தின் மனைவி மல்லிகா பக்கத்தில் நின்று பரிமாறினார், வடை பாயசத்தோடு மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேன். சாப்பாடு முடிந்ததும் கோதண்டம் என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப்போனார். நீட்டிக்கொண்டிருந்த கம்பி ஒன்றைப் பிடித்து ஆட்டிக்காட்டி, கம்பெனிப் பெண்களுக்கு ரூம் கேட்டு வந்துகொண்டே இருக்கிறார்கள், இன்னும் இரண்டு மாடி போட்டால் தாங்குமா என்று கேட்டார்.

"தாங்கும்" என்றேன்.

ஒரே ஒரு சொல். கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. ஒருவர் வீட்டு இலையில் சாப்பிட்டுக் கை ஈரம் காய்வதற்குள், அவர் ஆசையோடு கேட்கும்போது 'தாங்காது' என்று சொல்ல வாய் வரவில்லை. முகதாட்சண்யம்தான், வேறு காரணம் இல்லை. பிளானும் இல்லாமல் அனுமதியும் இல்லாமல் ஒரே வருடத்தில் இரண்டு மாடி ஏறியது. தெற்கேயிருந்து வந்த பெண்கள் முப்பது பேருக்கு மேல் குடிவந்தார்கள்.

தேவசகாயம் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். திட்டவில்லை. வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டுவிட்டு, "தாங்கும்னு நீ சொன்னியாமே. எதை வெச்சு சொன்ன?" என்று மட்டும் கேட்டார். நான் ஏதோ சமாளித்தேன். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. பல் தேய்க்கும்போது கேட்கிறது, ஸ்கேலை எடுத்து வைக்கும்போது கேட்கிறது.

அவர் கோதண்டத்துக்கு நோட்டீஸ் எழுதினார். நகல் மேலதிகாரிகளுக்குப் போனது, பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். நான் சொன்னதை மட்டும் எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. என்னிடம் வந்து, "நோட்டீஸைப் படிச்சிட்டு மடிச்சி வெச்சிடுவான்யா. நீ சொல்லித்தான் அவன் மேல ஏத்துனான். நீயே போய்த் தாங்காதுன்னு சொல்லு. எறக்கிடுவான்" என்றார். கீழ்த்தளத்தில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உத்தரத்தை ஒட்டி ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. அதில் அவர் கண்ணாடி ஒட்டியிருந்தார். நான் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன். "கண்ணாடி உடையட்டும். உடைஞ்ச அன்னைக்குப் போய்ச் சொல்றேன்" என்றேன்.

அவர் அதை ஏற்றுக்கொண்டார். அவருக்குக் கண்ணாடியின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மாதம் ஒருமுறை பிள்ளைப்பாக்கம் போய், டிரம்முக்குப் பின்னால் டார்ச் அடித்து உடைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். மல்லிகா அவருக்கு மோர் கொடுப்பார். திரும்பும் வழியில் என் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே "ஒடையல" என்பார். அந்தச் சொல்லில் நிம்மதி இருக்காது, ஒரு சந்தேகம்தான் இருக்கும். நான் சிரிப்பேன். உன் கண்ணாடியே எனக்குச் சாட்சி சொல்கிறது என்று கேலி செய்வேன். மூன்று மழைக்காலம் இப்படிப் போனது. கடைசியாக, போன மாதம் வந்தபோது, "எனக்குப் புரியலய்யா. அந்த மண்ணுக்கு ஒடஞ்சிருக்கணும்" என்றார். அன்றும் நான் சிரித்தேன்.

வடக்குப்பட்டில் அடக்கம் முடிந்த மறுநாள் யாசின் பாய் கடைக்குப் போய் அந்த இருபது துண்டுகளை வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. பையில் அவை ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வந்தன. பிள்ளைப்பாக்கம் திருப்பம் வந்ததும் வண்டி தானாகத் திரும்பியது.

வீட்டில் மல்லிகாதான் இருந்தார். செய்தியைச் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் டிரம்மை நகர்த்திப் பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை. எனக்கு மூச்சு வந்தது. அவருக்காக ஒரு தடவை 'ஒடையல' என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் குனிந்தேன். சிவப்புப் பெயிண்டில் தேதி இருந்தது. அதில் ஒரு ஏழு இருந்தது. ஏழில் குறுக்குக் கோடு இல்லை.

அந்த ஏழை விரலால் தொட்டுப் பார்த்தேன். பிறகு மல்லிகாவைக் கூப்பிட்டு, இதை யார் எழுதியது என்று கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. "அது ரெண்டு வாட்டி ஒடஞ்சிடுச்சி சார். டிரம்மு இட்சிட்சோ, புள்ளைங்க கை பட்டுட்ச்சோ தெரியல. அவ்வளோ கஷ்டப்பட்டு ஒட்டிட்டுப் போனாரு, வந்து பாத்தா மொகம் வாடிப்பூடுமேன்னு நானே கடையில வெட்டிக்கினு வந்து ஒட்டிட்டேன். தேதியும் அதே மாரி எழுதிட்டேன்" என்றார். பிறகு, "அவருக்குக் கடைசி வரிக்கும் தெரியாது சார்" என்று ஆறுதல்போலச் சொன்னார்.

அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எப்படி வரும்? பாயசம் சாப்பிட்ட வாயால் நான் செய்ததைத்தான் அவர் வெள்ளை சிமெண்டால் செய்திருக்கிறார். ஒரு மனிதரின் முகம் வாடக் கூடாது என்று நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம், மேலே முப்பது பேர் படுத்திருந்தார்கள்.

மாடி ஏறினேன். இரண்டாம் மாடியில் ஒரு பெண் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், திருநெல்வேலிப் பக்கம். ரூமில் ஏதாவது வித்தியாசமாக இருக்கிறதா என்று கேட்டேன். "வேற ஒண்ணுமில்ல சார். ஒரு மாசமா கதவு நிலையில போய்ச் சிக்குது. ரெண்டு பேரு சேந்து தள்ளித்தான் சாத்துதோம்" என்றாள். மழையில் மரம் ஊதியிருக்கும் என்று வீட்டுக்காரர் சொன்னாராம். அது இரும்புக் கதவு.

கோதண்டம் வருகிற வரைக்கும் கீழே உட்கார்ந்திருந்தேன். மல்லிகா மோர் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொன்னேன். அந்த வீட்டில் நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல்முறை. கோதண்டம் வந்து, வண்டியை நிறுத்தியதும் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். தாங்காது. அன்றைக்கு நான் சொன்னது தப்பு. இன்றே பெண்களை இறக்க வேண்டும், பிறகு மேல் இரண்டு மாடியையும் இறக்க வேண்டும்.

"நீங்கதான சார் தாங்கும்னீங்க" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

"நான்தான் சொன்னேன். ஒண்ணும் பாக்காமச் சொன்னேன்" என்றேன்.

அவர் அன்று கம்பியை ஆட்டிய கையாலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தேவசகாயம் சொன்னது சரி. மூன்று வருட நோட்டீஸுக்கு அசையாத மனிதர் அன்று சாயங்காலத்துக்குள் பெண்களை இருங்காட்டுக்கோட்டையில் வேறு ரூம்களுக்கு அனுப்பிவைத்தார். நானும் பெட்டி தூக்கினேன். அந்தத் திருநெல்வேலிப் பெண் மட்டும், இது தாங்காது என்று இத்தனை நாள் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டாள். அவளிடமும் உண்மையைச் சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

காலி வீட்டில், பழைய கண்ணாடியைப் பெயர்த்துவிட்டு, பையிலிருந்த இருபதில் ஒன்றை எடுத்து நானே ஒட்டினேன். தேதி எழுதினேன். ஆறாம் நாள் மாடியை இடிக்க ஆள் கூட்டிக்கொண்டு போனபோது டிரம்மை நகர்த்திப் பார்த்தேன். கண்ணாடி குறுக்கே இரண்டாகப் போயிருந்தது. யாரும் தொடவில்லை, பூட்டின வீடு.

தேவசகாயம் தோற்ற மனிதராகப் போய்விட்டார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. தன் கணக்கு எங்கே தப்பியது என்று யோசித்துக்கொண்டே காபி தம்ளரைக் கையில் எடுத்திருப்பார். அவர் கணக்கு தப்பவில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டிய ஆள் நான், சொல்ல முடியாது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது மிச்சமுள்ள பத்தொன்பது துண்டுகளும், ஏழுக்கு நடுவில் போடுகிற அந்தக் கோடும். உங்கள் வீட்டுச் சுவரில் அவர் ஒட்டியது இருந்தால் ஒரு தரம் போய்ப் பாருங்கள். உடைந்திருந்தால் ஒட்டாதீர்கள், மாற்றாதீர்கள், யார் முகம் வாடினாலும் வாடட்டும், என்னைக் கூப்பிடுங்கள். அன்று இடிக்கிற ஆட்கள் மேலே ஏறிப் போன பிறகு, கீழே அந்த உடைந்த கண்ணாடிக்கு முன்னால் நின்று நான் வாய்விட்டே சொன்னேன்: "ஒடஞ்சிடுச்சுய்யா. போய்ச் சொல்லிட்டேன்."