ரெண்டர் பட்டன் மேல் ஒட்டிய டேப்

இன்று கேன்டீன் டிவிக்கு முன்னால் என் மானம் போனது!

செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். அவ்வளவு அசதி.

எங்கள் லேத் செக்‌ஷன் மஞ்சண்ணாவுக்கு இன்று கடைசி ஷிஃப்ட். வழியனுப்பு வீடியோவை நானே செய்கிறேன் என்று கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். (வாய் மட்டும் இல்லையென்றால் என்னை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். இன்று அதுவே மேல் என்று தோன்றியது.)

ஓப்பன் சோர்ஸ் எடிட்டிங் சாஃப்ட்வேர். முகம் தெரியாத யார் யாரோ காசு வாங்காமல் எழுதியது. குறை சொன்னால் நாக்கு அழுகும்.

ஆனால் திறந்தால் திரை முழுக்கப் பட்டன்!

ஒரு வாரமாக நான் முழிப்பதைப் பார்த்து, மெயின்டனன்ஸ் முனிராஜ் நேற்று ஒரு வழி சொன்னான்.

"புது ஆபரேட்டர் வந்தா, மிஷின் பேனல்ல வேண்டாத சுவிட்சுக்கெல்லாம் டேப் ஒட்டுறமில்ல சார்? இதுக்கும் ஒட்டிரலாம்."

ஒட்டினோம். லேப்டாப் திரை மேலேயே! கறுப்பு இன்சுலேஷன் டேப்!

"இது என்னா சார், ரெண்டர்னு ஒண்ணு இருக்குது?"

"அதான் சேவ் இருக்கே, இது எதுக்கு? மூடுப்பா!"

(இந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு பெரிய பதிவு.)

வெட்ட, ஒட்ட, சேவ் பண்ண. மூன்றே பட்டன். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. நானும் எடிட்டர்!

இன்று ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் கேன்டீனில். மஞ்சண்ணா மாலையோடு, அண்ணி பட்டுப்புடவையில். வெளியே கெலமங்கலம் போகிற கம்பெனி பஸ், ஸ்டார்ட்டிங்கில்.

பென்டிரைவைச் சொருகினேன். இந்த ஃபைல் ஓடாது என்றது டிவி.

பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினேன். மறுபடியும் ஓடாது என்றது.

முனிராஜ் போனில் தேடிப் பார்த்துவிட்டு என் காதைக் கடித்தான். சேவ் பண்ணினால் கிடைப்பது, எதை எங்கே வெட்டினோம் என்கிற குறிப்பு மட்டும்தானாம். ரெண்டர் பண்ணினால்தான் வீடியோவாம்!

மஞ்சண்ணா காதில் அது விழுந்துவிட்டது.

"ஏம்ப்பா, ட்ராயிங்க டெஸ்பாட்ச் பண்ணிட்டு பார்ட் எங்கன்னு தேடறியா?"

கேன்டீனே சிரித்தது. நான் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, டேப்பை உரித்து ரெண்டரை அமுக்கினேன். அந்தக் கிழம் முக்கி முனகி, இரண்டு சதவீதம் என்றது. வெளியே ஹாரன்.

"நீங்க கெளம்புங்கண்ணா. வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்."

"நாளைக்கு எனக்கு என்னா கார்டு பஞ்ச் பண்ற வேலையா இருக்குது? ஆகட்டும், உக்காருப்பா."

பஸ் போய்விட்டது. அண்ணிதான் முணுமுணுத்தார்: "இத்தன வருசமும் ஓவர்டைம்னாரு. கடைசி நாளும் ஓவர்டைமா!"

ஒருவழியாக வீடியோ வந்தது. அவர் லேத், அவர் டிபன் பாக்ஸ், அவர் திட்டித் திட்டி வேலை பழக்கிய நாங்கள். முடிந்ததும் மஞ்சண்ணா நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவ போடு" என்றார்.

மூன்று தடவை போட்டேன். பிறகு என் காரில் கொண்டுபோய் விட்டு வந்தேன்.

சாஃப்ட்வேர் எழுதுகிற புண்ணியவான்களே, எல்லாப் பட்டனும் இருக்கட்டும். புதுசாக வருகிறவன் சேவ் அமுக்கும்போது மட்டும் ஒரு வரி காட்டுங்கள்: 'இது ட்ராயிங்தான்பா, பார்ட் இல்ல.'

நண்பர்களே, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. லேப்டாப் திரையில் டேப் பசை போக எதைத் தடவலாம்?

(முனிராஜ் பெயின்ட் தின்னர் என்கிறான். அவன் பேச்சை இனியும் கேட்பேனா!)