கறுப்புக் கேக்குக்குச் சீனி கருக்கிய அன்று

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரைவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, பார்க்டேலில் ஒரு சின்ன வீட்டுக்குள் நெருக்கியடித்து இருந்துவிட்டு, மல்வேர்னில் ஒரு பில்டிங்கின் நாலாம் மாடிக்கு நாங்கள் குடிவந்த முதல் மார்கழி. அந்த மாதத்துச் சனிக்கிழமை ஒன்றை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

எதிர் வீட்டுக்காரி தென்னமெரிக்காவின் கயானாவிலிருந்து வந்தவள். என் வயதுதான் இருக்கும். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண், எனக்கு ஏழு வயதில் ஒரு பெண். என் மகள் அந்தச் சின்னதை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்ததில் தாய்மார் நாங்களும் சிநேகிதமானோம். என் ஆங்கிலம் அந்த நாளில் நொண்டிக்கொண்டுதான் நடக்கும். அவள் பேசுகிற ஆங்கிலமோ நான் வகுப்பில் படித்தது மாதிரியே இல்லை. ஆனாலும் சமையல் கதைக்கு எவ்வளவு மொழி வேண்டும்?

கறுப்புக் கேக் இல்லாமல் அவர்களுக்குக் கிறிஸ்மஸ் கிடையாதாம். பெரிய போத்தல் ஒன்றில் முந்திரிகை வத்தல், செர்ரி, இன்னும் என்னென்னவோ உலர்ந்த பழங்களை றம்மிலும் வைனிலும் மாதக்கணக்காக ஊறப் போட்டிருந்தாள். மூடியைத் திறந்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தாள். மணத்திலேயே எனக்குத் தலை சுற்றியது. எங்கள் ஊர் ரிச் கேக்கில் ஒரு மூடி பிரண்டி விடுவதற்கே ஆயிரம் யோசனை, இவள் பழத்தை நீந்தவே விட்டிருந்தாள். அதை அரைக்க வேண்டும். அவளுடைய மெசின் பழுதாகிக் கிடந்தது, என்னிடம் சம்பல் அரைக்கிற கிரைண்டர் இருந்தது. அப்படித்தான் அந்தக் கேக் வேலை என் குசினிக்கு வந்து சேர்ந்தது.

பழம் களி மாதிரிக் கறுப்பாக அரைபட்டு வந்தது. பட்டரையும் சீனியையும் அடித்து வைத்தோம். அடுத்தது சீனி கருக்குவது. கேக்குக்கு அந்தக் கறுப்பு அதில்தான் வருகிறது. சீனியைச் சட்டியில் போட்டு, பொன்னிறம் தாண்டி, மண்ணிறம் தாண்டி, புகை கிளம்பிக் கறுக்கும்வரை விட்டு, அதற்குப் பிறகு கொதிநீர் ஊற்ற வேண்டும். என்னைக் கிண்டச் சொல்லிவிட்டு அவள் முட்டை எடுக்கத் தன் வீட்டுக்குப் போனாள். பயந்துபோய் இறக்கிவிடாதே, நன்றாகக் கறுக்கட்டும் என்று வாசலில் நின்று இன்னொரு தடவையும் சொன்னாள்.

நானும் பயப்படாமல்தான் நின்றேன். முதலில் மெல்லிய புகை. பிறகு குபுகுபுவென்று கிளம்பி, கண் எரிந்து, அடுப்பே தெரியாமல் போயிற்று. யன்னல் குளிரில் இறுகித் திறக்க மறுத்தது. புகை போகட்டும் என்று வாசல் கதவை அகலத் திறந்துவிட்டேன். மாடி வீட்டில் செய்யவே கூடாத வேலை அதுதான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? புகை வெளி நடைக்குப் போனதும் முழுக் கட்டடத்துக்கும் அலாரம் அலறத் தொடங்கியது.

அந்தச் சத்தம் கேட்டதும் நான் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டேன். ஒரு கணம்தான். எழும்பி, "ஓடுங்கோ பிள்ளையள், ஓடுங்கோ" என்று அறையைப் பார்த்துக் கத்தினேன். உள்ளே விளையாடிக்கொண்டிருந்த இரண்டும் புகைக்குள்ளால் என்னைத் தாண்டி ஓடின. அடுப்பை நிறுத்திச் சட்டியை இறக்கிவிட்டு வெளியே வந்தால் பிள்ளைகள் இல்லை. எதிர் வீடும் திறந்து கிடந்தது. அவள் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள் என்று நினைத்து, சனத்தோடு சனமாகப் படியால் இறங்கினேன்.

வெளியே ஸ்னோவுக்குள் அவள் தனியாக நின்றாள். என் வீட்டிலிருந்து ஓடுகிற சத்தம் கேட்டு, நான்தான் பிள்ளைகளோடு இறங்குகிறேன் என்று நினைத்து வந்தவளாம். பிள்ளைகள் எங்கே என்று என்னைக் கேட்டாள்.

தீயணைப்பு வண்டி வந்ததும் அவள் ஒருவருடைய கையைப் பிடித்திழுத்துக் கதறினாள். இரண்டு பேர் மேலே ஓடினார்கள். கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள் எல்லாம் பார்த்துவிட்டு, இல்லை என்றார்கள். இனி மற்ற மாடிகளைத் தேடுகிறார்களாம். நின்றவர்கள் எல்லோரும் அண்ணாந்து மேலேயே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அலாரம் அடித்தபோது நான் எங்கேயும் ஓடவில்லையே, நிலத்தோடு அல்லவா குந்தினேன்? யாழ்ப்பாணத்தில் குண்டு போடுகிற பிளேனின் சத்தம் கேட்டால் நாங்கள் கீழேதான் போவோம், முற்றத்தில் மண்ணுக்குள் வெட்டிய பங்கருக்குள்.

எங்கள் கட்டடத்துப் படியும் வாசலோடு நிற்பதில்லை. இன்னும் கீழே, உடுப்புத் தோய்க்கும் அறைவரை போகிறது. நான் திரும்பி உள்ளே ஓடினேன். அவளும் பின்னால் ஓடிவந்தாள்.

தோய்க்கும் மெசின்களுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டும் குப்புறக் கிடந்தன. என் மகள் சின்னவளின்மேல் கவிழ்ந்து படுத்து, அவளுடைய காதுகளைத் தன் கைகளால் பொத்தியிருந்தாள். சின்னவளின் பல்லுக்கிடையில் ஒரு காலுறை. குண்டு விழும்போது எதையாவது கடித்துக்கொண்டு படுக்க வேண்டும் என்று மகளுக்குப் பழக்கியது நான்தான். ஊரைவிட்டு வந்தபோது அவளுக்கு நாலு வயதுகூட ஆகவில்லை.

எதிர் வீட்டுக்காரி தன் பிள்ளையை வாரி எடுத்தாள். அந்தக் குஞ்சு காலுறையைத் துப்பிவிட்டு, பிளேன் போய்விட்டதா என்று தாயிடம் கேட்டது. அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். என்ன பிளேன்?

உன் ஊர் எப்படி என்று அவள் கேட்டபோதெல்லாம் கடற்கரை, மாம்பழம் என்று சொல்லி வைத்தவள் நான். அன்று அந்தப் படியில் உட்கார்ந்து, தெரிந்த ஆங்கிலத்தில் மிச்சத்தையும் சொன்னேன். அவள் என் மகளையும் இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள். புகை போட்டதற்குக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பரின்ரெண்டன்ட் என்னைத் திட்ட வந்தபோது, அவள் போட்ட சத்தத்தில் மனிதர் வந்த வழியே போய்விட்டார்.

பின்னேரம் மகளைக் கேட்டேன், பள்ளிக்கூடத்தில் நெருப்பு மணி அடித்தால் வெளியே போகத் தெரியும்தானே, இங்கே ஏன் கீழே போனாய் என்று.

"அங்க ரீச்சர் சொல்லுவா, லைன்ல போங்கோ எண்டு. இங்க நீங்கள் கத்தினீங்கள் அம்மா. முந்திக் கத்தின மாதிரியே கத்தினீங்கள்."

அடுத்த நாள் எதிர் வீட்டுக்காரி புதுச் சீனியோடு வந்தாள். இந்தத் தடவை என் பக்கத்திலேயே நின்று கருக்க வைத்தாள். கேக் கன்னங்கரேலென்று வந்தது, நல்ல ருசி. ஆனால் என் துண்டை நான் பாதியிலேயே தட்டில் வைத்துவிட்டேன்.

என் மகள் குழந்தைதானே, அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று அதுவரை வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அவளுக்காகச் சொன்னதில்லை, நான் நிம்மதியாகத் தூங்குவதற்காகச் சொன்னது. இப்போதெல்லாம் யாராவது என்னிடம் சின்னப் பிள்ளைதானே, மறந்திருக்கும் என்று சொன்னால் நான் தலையாட்டுவதில்லை. அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்கிறேன்.