கண்ணாடிக்குப் பின்னால் கரையான்

என் அண்ணனின் புத்தகங்களைக் கரையானுக்குத் தின்னக் கொடுத்தவர் நீங்கள்தான், நூலக அதிகாரியே. மழைமேல் பழியைப் போடாதீர்கள்.

ராஜபாளையத்தின் அந்த நூலகம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். வீட்டில் ஒருவர் இறந்தால் அவர் நினைவாகப் புத்தகங்களோடு ஒரு பீரோ கொடுப்பது அங்கே வழக்கம். சுவரோர பீரோக்களில் எல்லாம் செத்தவர் பெயர்தான். அண்ணன் ராணுவத்தில் இருந்தவன். லீவில் வந்தால் அவன் டிரங்குப் பெட்டியில் துணியைவிடப் புத்தகம்தான் அதிகம் இருக்கும். அவன் இறந்த பிறகு அவற்றை ஒரு தேக்கு பீரோவில் அடுக்கி, சாவியோடு கொடுத்தோம். ஒவ்வொரு திதிக்கும் சுந்தரபாண்டியத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பஸ் மாறிப் போவேன். அதில் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொஞ்சம் வாசித்துவிட்டு வருவேன். எனக்குத் திதி அவ்வளவுதான்.

இந்த வருஷம் பீரோ பூட்டிக் கிடந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கீழ்த்தட்டுப் புத்தகங்களின் மேல் கரையான் மண் ஏறியிருந்தது.

பொறுப்பில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பழைய லைப்ரரியன் திடீர்னு தவறிட்டாக, அண்ணாச்சி. அவிய ஸ்டாக்கை எண்ணி ஒப்படைக்கவே இல்ல. சாவி எங்கன்னும் தெரியல.”

“பூட்டை உடைங்க.”

“உடைச்சா நான் பொறுப்பேத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். ஒரு புஸ்தகம் குறைஞ்சாலும் என் சம்பளத்துல பிடிப்பாக. மேல எழுதிக் கேட்டிருக்கேன். பதிலே வரல.”

“கரையான் அம்புட்டையும் தின்னுட்டா?”

“அது என் தலையில விழாது, அண்ணாச்சி.” சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கினார். “மெம்பர் கார்டு இல்ல, சாவி இல்ல. ஆனா இந்த லைப்ரரில ஒழுங்கா உக்காந்து படிக்கிறது அது ஒண்ணுதாம்யா.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைக்குப் போய்க் கரையான் மருந்து வாங்கி வந்தேன். பீரோ கால்களைச் சுற்றி ஊற்ற அந்தப் பெண் என்னை விட்டாள். அதற்குமேல் அவளாலும் முடியாது. உள்ளே இருப்பதற்கு மருந்து எட்டவில்லை. கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன் கையெழுத்துப் போட்ட புத்தகம் ஒரு சாண் தூரத்தில் மண்ணாகிக்கொண்டிருந்தது. வாசிக்காமலே பஸ் ஏறினேன்.

அதிகாரியே, என் வீட்டுக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம். பரிசீலிக்கிறோம் என்றும் சொல்ல வேண்டாம். நூலக வாசல் பலகையில், வந்து போகிற எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டுங்கள். அந்தப் பூட்டை உடைக்க உத்தரவு போட வேண்டியவர் யார்? எந்தத் தேதியில் போடுவார்?