திரட்டி பிடித்துக் கொடுத்த ஒரே வாசகர்

வலைப்பதிவு எழுதுவது சுலபம், படிக்க ஆள் பிடிப்பதுதான் தொழில். எழுதிவிட்டு ஈ ஓட்டும் சக பதிவர்களே, உங்களைப் போலவே நானும் திரட்டியை நம்பினேன். எல்லார் பதிவையும் ஒரே இடத்தில் அடுக்கிக் காட்டும் அந்தத் தளத்தில் சேர்ந்தால் கூட்டம் அள்ளும் என்றார்கள்.

வீட்டுக்குறிப்பு

அம்பத்தூர் எஸ்டேட்டில், பம்ப் பாகங்கள் செய்யும் சின்ன கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. எங்கள் பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு உண்டு. சாவி சூப்பர்வைசர் மேஜையில். அவசரம் என்றால் எல்லார் எதிரிலும் போய்க் கேட்டு, அவர் மேலும் கீழும் பார்த்த பிறகு வாங்க வேண்டும். கம்பெனி பெயரை விட்டுவிட்டு, என் பெயரைப் போட்டே இதை எழுதி 'சமூகம்' பிரிவில் சேர்த்தேன். திரட்டிக்காரர் அதைத் தூக்கி 'மகளிர்: சமையல், வீட்டுக்குறிப்பு' பிரிவில் போட்டுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்குப் போனேன். பதில் வந்தது: "லேடீஸ் எழுதுறதெல்லாம் அங்கதான் மேடம் போகும்."

மொய்

திரட்டியில் மற்ற பதிவர்களின் ஓட்டு விழுந்தால்தான் முகப்பில் பதிவு நிற்கும். ஆவடிப் பதிவர் ஒருவர் எனக்கு ஓட்டுப் போட்டு, அருமையான பகிர்வு என்று பின்னூட்டமும் இட்டிருந்தார். கழிப்பறைச் சாவிக்குக் கையேந்தி நிற்பதில் என்ன அருமை? போன் செய்து, படித்தீர்களா என்று கேட்டேன். சிரித்தார். பதிலுக்கு அவருக்கு ஓட்டுக் குத்தச் சொன்னார். படிக்காமல் குத்த மாட்டேன் என்றேன். "அப்போ உன் பதிவு முகப்புல நிக்காது சகோ. படிக்கல்லாம் யாருக்கு நேரம் கீது?"

வத்தக்குழம்பு

ஒருநாள் சூப்பர்வைசர் போனும் கையுமாக என் மேஜைக்கு வந்தார். மனைவி ஊருக்குப் போயிருக்கிறாராம். வத்தக்குழம்பு வைப்பது எப்படி என்று திரட்டியின் சமையல் பிரிவில் தேடியவர், என் பதிவைப் பார்த்துவிட்டார். பதிவை எடுக்காவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. இருந்தாலும், அதில் ஒரு பொய்யைக் காட்டுங்கள், எடுக்கிறேன் என்றேன். அவர் போனைத் தள்ளித் தள்ளித் தேடினார். பக்கத்தில் அரம் போட்டுக்கொண்டிருந்த செல்வி, மேனாம்பேட்டிலிருந்து வேலைக்கு வருபவள், எழுந்து வந்து என்னோடு நின்றாள். "அக்கா இன்னா சார் தப்பா எழுதிட்டாங்க? நானும் தெனம் உங்களாண்ட வந்து சாவி கேட்டுகினுதான கீறேன்?"

பூட்டு

மறுநாளும் வேலைக்குப் போனேன். வேண்டுமென்றே நேராக அவர் மேஜைக்குப் போய்ச் சாவி கேட்டேன். தலை நிமிராமல் சொன்னார்: "பூட்டையே எடுத்தாச்சும்மா. பதிவை எப்போ எடுப்ப?"

எடுக்கவில்லை; ஒரு வாசகர் வந்ததற்கே ஒரு பூட்டு கழன்றிருக்கிறது, எஸ்டேட்டில் இன்னும் எத்தனையோ தொங்குகிறது என்பதால் அதே பதிவை வேறு இரண்டு திரட்டிகளிலும் சேர்த்திருக்கிறேன், சமையல் பிரிவிலேயே.