மலைக்கோவிலில் மாமாவின் நட்சத்திரம்

கோவிலில் ஐயரிடம் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் ஒப்புவிக்கும் பதவி, ரொறன்ரோவின் மல்வேர்னில் எங்கள் வீட்டில் எனக்குத்தான். பத்து வயதில் வேறென்ன பதவி கிடைக்கும்? மூச்சு விடாமல் ஒன்பது பேரைச் சொல்லுவேன். இலங்கையில் சண்டை முடிந்து சில மாதங்களில் அப்பா அதில் ஒன்றைக் குறைத்தார். வன்னியில் இருந்த அம்மாவின் ஒரே தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை.

“இனி மாமான்ர பேரைச் சொல்ல வேண்டாம்” என்றார். அன்றிலிருந்து அம்மா அர்ச்சனை தொடங்குமுன்பே வெளியே போய்க் காருக்குள் இருந்துவிடுவார். மாமாவின் பெயரை விட்டதற்கு, இலங்கை வரைக்கும் அர்ச்சனை போய்ச் சேராதாக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். மூளைக்கு அப்போது குறைச்சலே இல்லை!

அடுத்த கோடை விடுமுறையில் ஊருக்குப் போனோம். யாழ்ப்பாணம் போகும் வழியில், தம்புள்ளையின் பௌத்த மலைக்கோவிலைக் காட்டாமல் விடமாட்டேன் என்று வான் சாரதி ஒரே பிடியாக நின்றார். அடிவாரத்தில் அம்மா ஒரு தட்டுத் தாமரை வாங்கினார். அப்பா கட்டளை போட்டார்.

“மேல ஒருத்தரும் தமிழ் கதைக்கக் கூடாது. ஆமிக்காரர் நிக்கிறாங்கள், விளங்குதே?”

சண்டையை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோ வீதியில் தொண்டை கிழியக் கத்திய அதே அப்பாதான்.

குகைக்குள் புத்தர் படுத்திருந்தார், அமர்ந்திருந்தார், நின்றிருந்தார். அவர்களுக்கு நடுவே எங்கள் விஷ்ணு! தெரிந்த முகத்தைக் கண்ட சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை. வெள்ளை உடுத்த ஒருவர் தட்டை வாங்கக் கை நீட்டினார். கை நீட்டினால் அர்ச்சனை. அர்ச்சனை என்றால் என் வேலை. தமிழில், கணீரென்று தொடங்கிவிட்டேன். எட்டுப் பேர் முடிந்ததும் யோசித்தேன்: இப்போது மாமாவின் நாட்டுக்கே வந்துவிட்டோமே! அவர் பெயரையும் மக நட்சத்திரத்தையும் இன்னும் உரக்கச் சொன்னேன்.

கும்பிட்டுக்கொண்டு நின்ற இரண்டு சிப்பாய்கள் திரும்பினார்கள். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. “வீ ஆர் ஃப்ரம் கனடா” என்றார், யாரும் கேளாமலே. வெள்ளை உடுத்தவருக்கு என்ன விளங்கியதோ, பூவை வைத்துக் கண்ணை மூடிச் சிங்களத்தில் ஏதோ ஓதினார். சிப்பாய்கள் மறுபடியும் கைகூப்பினார்கள். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அப்பா என் காதைப் பிடித்தார். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“இன்னொருக்காச் சொல்லு, பிள்ளை.”

சொன்னேன்.

“மாமான்ர பேரை மட்டும். சத்தமாச் சொல்லு.”

சொன்னேன். அம்மா படியிலேயே இருந்து என்னைக் கட்டிப்பிடித்து, அத்தனை சனத்துக்கு முன்னால் கேவிக் கேவி அழுதார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்தேன்.

பிழையில்லாமல் ஒப்புவித்ததற்குத்தான் அம்மா இப்படி உருகுகிறார் என்று நான் பெருமையோடு நின்றேன். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.