கிராஞ்சி ரயிலில் ஏறிய சலாம்

எங்கள் வீட்டுக்கு உலகச் செய்திகள் கருவாட்டு வாசனையோடுதான் வந்து சேரும். நாகப்பட்டினத்திலிருந்து வாப்பாவின் கடைக்குக் கப்பலில் வரும் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே யாரோ செருகி அனுப்பும் தமிழ்ப் பத்திரிகைகளை, வாப்பாவின் தம்பியான சாச்சா உதறிப் பிரித்து மாடிக் கூடத்தில் உரக்கப் படிப்பார். துருக்கியும் எகிப்தும் வஞ்சிரக் கருவாட்டு நெடியோடு எங்கள் மூக்கில் ஏறும். சிங்கப்பூர் தேக்காவில் மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழே கடையும் மேலே குடித்தனமுமாக இருந்த அந்த வீட்டில், எட்டு வயதுப் பெண்ணான எனக்கும் என் தம்பிக்கும் உலகம் என்பது சாச்சாவின் தொண்டைதான்.

அந்தத் தொண்டை ஒரு பருவம் முழுக்க ஒரே செய்தியைக் கத்திற்று. துருக்கி சுல்தான் டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு ரயில் பாதை போடுகிறார்! பாலைவனத்தில் ஒட்டகத்தின் மேல் வாரக்கணக்கில் தாகத்தோடும் வழிப்பறிப் பயத்தோடும் யாத்திரை போனவர்கள் இனிமேல் சன்னலோரம் உட்கார்ந்து போகலாம்! "நம்ம காசு, நம்ம ஆளு, நம்ம ரயிலு! வெள்ளைக்காரன் கம்பெனி ஒண்ணும் கிடையாது!" என்று சாச்சா குதிக்க, அவருடைய துருக்கித் தொப்பியின் குஞ்சமும் சேர்ந்து குதிக்கும். பாதை போட்ட இன்ஜினியர்களில் ஜெர்மன்காரர்களும் உண்டு என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது; அன்று அதைச் சொல்லியிருந்தால் சொன்னவரைச் சாச்சா சும்மா விட்டிருக்க மாட்டார்.

அதே சமயத்தில்தான் சிங்கப்பூருக்கும் புத்தம் புதிதாக ஒரு ரயில் வந்திருந்தது. டேங்க் ரோட்டில் புறப்பட்டு, நியூட்டன், புக்கித் தீமா வழியாகத் தீவின் வடகோடியான கிராஞ்சிப் பக்கம் போய் நிற்கும். அங்கிருந்து ஜொகூருக்குப் படகு. நானும் தம்பியும் இரண்டு ரயில்களையும் ஒன்றாக்கி எங்கள் மாடிப்படியில் ஓட்டினோம். நான்தான் இன்ஜின். "நியூட்டன்! புக்கித் தீமா! கிராஞ்சி! அடுத்தது மதீனா!" என்று நாங்கள் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

உம்மாவுக்கு இந்த ரயில் பைத்தியம் எப்போது பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. நாகூரிலிருந்து கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவள், இறங்கிய நாளிலிருந்து அந்த மாடிச் சன்னலின் பலகை இடுக்கு வழியாகத்தான் சிங்கப்பூரைப் பார்த்திருந்தாள். அவள் குரல் கீழே கடைக்குக்கூடக் கேட்காது. பள்ளிவாசலில் மதீனா ரயிலுக்காக உதவி திரட்டியபோது தன் வெள்ளிக் கொலுசுகளைக் கழற்றிக் கொடுத்தனுப்பினாள். பிறகு ஒரு நாள், சோறு பரிமாறிக்கொண்டே, வாப்பாவிடம் மெல்லக் கேட்டாள்.

"மதீனா வழியில என் கொலுசு தண்டவாளமா கெடக்குது. ஆனா தண்டவாளம் எப்படி இருக்கும்னு நான் பார்த்ததில்ல. இது நியாயமாங்க?"

வாப்பாவுக்குப் புரையேறிவிட்டது. நல்ல மனிதர்தான், ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர். நம் வீட்டுப் பெண்ணை ரயிலில் ஏற்றிப் போனால் கடைத்தெருவில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்ற கவலையிலேயே அவர் பாதி இளைத்துப் போனார். கடைசியில் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் போய்த் தலையைச் சொறிந்து நின்றாராம். "உங்க வீட்டுல நாகூர்லேர்ந்து நடந்தா வந்தாங்க? கப்பல்ல வந்தவங்களுக்கு ரயில்ல என்ன வந்துடப் போகுது?" என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார் ஆலிம்சா. வீட்டுக்கு வந்த வாப்பா யார் முகத்தையும் பாராமல், "ஞாயித்துக்கிழமை எல்லாரும் கிளம்புங்க," என்றார். அன்று நாங்கள் குதித்த குதியில் கடைக் கூரையிலிருந்து தூசி கொட்டியது.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு மாக் மினா வந்தாள். கணவனை இழந்த மலாய்க்காரப் பெண். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவாள். வந்தவள் உம்மாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். எங்கள் படிக்கட்டுக் கூச்சலைக் கேட்டுக் கேட்டு, ரயில் போய் நிற்கும் இடத்தில் படகு இருக்கிறது என்ற சேதியையும் அதோடு சேர்த்து, நாங்கள் ரயிலேறிக் கப்பலேறி மறுபடியும் ரயிலேறி மதீனாவுக்கே போகிறோம் என்று முடிவு கட்டியிருந்தாள். மதீனாவுக்குப் போகிறவர்களிடம் அங்கே அடங்கியிருக்கும் நபிகளாருக்குச் சலாம் சொல்லி அனுப்புவது எங்கள் எல்லாருக்குமே வழக்கம்.

"'கிரிம் சலாம்' தங்கச்சி. என் சலாத்தை ரசூலுல்லாவுக்குச் சொல்லிடு லா. எம் புருஷனும் அங்கதான் மவுத்தாயிப் போனாரு. அவரு அடங்கின கபுருக்கும் ஒண்ணு."

சாச்சா சிரிக்க வாயைத் திறந்தார். உம்மா பார்த்த ஒரு பார்வையில் திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. உண்மையைச் சொல்லிவிட உம்மாவும் இரண்டு தடவை உதட்டைப் பிரித்தாள். அந்த அழுகைக்கு முன்னால் முடியவில்லை. "இன்ஷா அல்லாஹ்," என்றாள். மாக் மினா போன பிறகு, "சலாம் அமானிதமாச்சே, நம்பி ஒப்படைச்சதாச்சே, நான் எங்க கொண்டு போய்ச் சேர்ப்பேன்?" என்று தவித்தவள், அன்றிரவு சாப்பிடவே இல்லை.

ரயிலை நான் எப்படிச் சொல்வேன்! இன்ஜின் ஊதியதும் தம்பி என் மடியில் பாய்ந்தான். வெள்ளைத் 'துப்பட்டி'யால் உடல் முழுக்கப் போர்த்திக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்த உம்மா, ரப்பர் மரங்களையும் அன்னாசித் தோட்டங்களையும் எங்களுக்குக் காட்டிக் காட்டி, "அங்க பாருங்க, அங்க பாருங்க," என்று என் தோளையே பிடுங்கிவிட்டாள். கரித்தூள் பறந்து எங்கள் முகமெல்லாம் கறுத்தது. சன்னலோரம் எனக்கு வேண்டும் என்று நான் அழுதும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

கிராஞ்சிக் கடற்கரையில் இறங்கியதும் அவள் முதலில் குனிந்து தண்டவாளத்தைத் தொட்டாள், சுட்டதும் சிரித்தாள். பிறகு, "கிப்லா எந்தப் பக்கங்க?" என்று கேட்டாள். வாப்பா மக்கா இருக்கும் மேற்குப் பக்கமாகக் குடையை நீட்டிக் காட்டினார். அந்தத் திசை பார்த்து நின்று, முகத்துத் துணியை விலக்கி, "அஸ்ஸலாமு அலைக்க யா ரசூலல்லாஹ்!" என்று உம்மா கத்தினாளே ஒரு கத்தல், படகுத்துறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாக் மினாவின் சலாம், அவள் கணவனுக்குச் சலாம், பிறகு எங்கள் சந்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருவர் பெயராலும் ஒரு சலாம். கடைத்தெரு ஆள் யாராவது தென்படுகிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்த வாப்பா, கடைசியில் அவள் பக்கமாகச் சாய்ந்து, "என்னைப் பெத்த உம்மா பேரையும் சொல்லிடு," என்றார்.

பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகை வருவதற்கு முன்பே வீடு திரும்பிவிட்டோம். வாசலில் எங்களைப் பார்த்த மாக் மினா திகைத்தாள், பிறகு விஷயம் புரிந்து தலையில் அடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்.

"இருந்தாலும் சொன்னியா?"

"சொன்னேன்."

"எம் புருஷனுக்கும்?"

"அவருக்கும்தான். எங்கிருந்து சொன்னாலும் போய்ச் சேரும்."

மாக் மினா உம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

சுல்தானின் ரயில் மதீனாவைத் தொட்ட செய்தி வந்த அன்று சாச்சா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். அது சில வருஷந்தான் ஓடியது. பெரிய யுத்தத்தில் பாதையைத் தகர்த்துவிட்டார்கள், பின்பு சுல்தான்களும் இல்லாமல் போனார்கள். டேங்க் ரோடு நிலையம் போயிற்று, படகுத்துறை போய்ப் பாலம் வந்தது, எங்கள் சந்து இருந்த இடத்தில் வேறு கட்டடங்கள் நிற்கின்றன. உம்மா மதீனாவைப் பார்க்காமலே கண்ணை மூடினாள்.

போன வருஷம் விமானத்தில் நான் போய் வந்தேன். பள்ளிக்கூடம் வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அதட்டியவள் நான். எனக்குத் தொண்டைக்குக் குறைவில்லை என்பதுதான் ஊர்ப்பேச்சு. நபிகளாரின் முன்னிலையில் நின்று உம்மாவின் சலாமைச் சொல்ல வாயைத் திறந்தேன். கிராஞ்சியில் அவள் எழுப்பிய குரலில் பாதிகூட எனக்கு வரவில்லை.