டிரம்ஸ் அடித்தவனின் அம்மா

மகனைக் கிளினிக்கிற்குக் கொண்டுபோனபோது, தலவாக்கலையிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில் அந்த அம்மாவைச் சந்தித்தேன். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். உடம்புக்குப் பொருந்தாத, பையன்கள் போடும் பெரிய ஜாக்கெட். அவர் ஏறியதும் கண்டக்டர் சாரதியிடம், "அக்கா ஏறிட்டாங்க, பாட்டப் போடுங்க அண்ணே" என்றார்.

"காலங்காத்தாலேயே தகரம் தட்டப்போறானுங்க" என்று பின்னால் ஒருவர் முனகினார்.

தோட்டத்துப் பையன்கள் சிலர் ஆட்டோ கராஜில் பதிவுசெய்து, பென்டிரைவில் பஸ்களுக்குக் கொடுத்த ராக் பாட்டு அது. தூங்கும் குழந்தையின் காதைப் பொத்தினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த அந்த அம்மா என் கையைத் தொட்டார்.

"கொஞ்சம் பொறுங்க புள்ள. எண்ணி முடிச்சதும் நிப்பாட்டச் சொல்றேன்."

"ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்றது ஒரு விடலைக் குரல். அவர் உதடுகளும் கூடவே அசைந்தன. கித்தார் அலறத் தொடங்கியதும், "போதும் தம்பி, புள்ள தூங்குது" என்றார். பாட்டு நின்றது.

"பாட்டு பிடிக்காதுங்களா?"

"பாடுறது மத்த பசங்க. எண்ணுறதுதான் எம் மவன், டிரம்ஸ் அடிச்சவன். போன மழைக்கு எங்க லயத்து வீடுங்க மேல மண்ணு சரிஞ்சப்போ போயிட்டான். பாட்டு போன்லயும் இருக்கு. இங்கதான் எல்லாரும் கேக்குறாங்க."

குழந்தையை இறுக்கிக்கொண்டேன். அது அவரை நோகடித்திருக்குமோ என்று உடனே தோன்றியது.

"பேச ஆரம்பிச்சிட்டானா?"

"இன்னும் இல்லீங்க."

"பேசுனா போன்ல புடிச்சு வச்சுக்கோங்க. என்கிட்ட அந்த நாலு வார்த்ததான் இருக்கு."

அடுத்த தரிப்பில் இறங்கிப்போனார். அவர் சொன்னது அன்பா, எச்சரிக்கையா என்று இன்னும் தெரியவில்லை. மகன் இப்போது பேசுகிறான். போனை அவனிடம் நீட்டுகிறேன். பதிவுப் பொத்தானை அழுத்தத்தான் பயமாக இருக்கிறது.